துக்கச்சேதி டாட் காமும் திசைகாட்டிக் கம்பெனியும்

வில்லியனூர் யாகப்பனுக்குத் தொழில் சாவு சொல்வது. முகம் சுளிக்க வேண்டாம். யாராவது சொல்லத்தானே வேண்டும். ஆட்டோவின் தலையில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு, உறுவையாற்றிலிருந்து மடுகரை வரை தெருத் தெருவாகப் போவான். இன்னார் காலமானார், இத்தனை மணிக்கு அடக்கம், உற்றார் உறவினர் வந்து சேரவும் என்று சொல்லிக்கொண்டே போவான். செத்தவர் எந்தச் சாமியைக் கும்பிட்டவரானாலும் அவனுக்கு ஒரே குரல்தான். அந்தக் குரல் தெருமுனையில் கேட்டதும் உலையில் அரிசி போடப் போனவள்கூடக் கையை நிறுத்திக்கொண்டு பெயரைக் கேட்டுவிட்டுத்தான் போடுவாள்.

ஆனால் ஸ்பீக்கர் சத்தம் போகிற தூரத்துக்கு ஓர் அளவு உண்டு. போதாததற்கு எங்கள் பக்கத்துப் பூகோளம் வேறு. இந்தத் தெரு புதுச்சேரி என்றால் அடுத்த தெரு தமிழ்நாடு, அதற்கடுத்த வாய்க்கால் மறுபடியும் புதுச்சேரி. யாகப்பனிடம் இருந்த அனுமதிச் சீட்டு புதுச்சேரிக்கு மட்டும்தான். ஆகவே நடுவில் தமிழ்நாடு குறுக்கிடும் இடங்களில் மைக்கை அணைத்துவிட்டு, செத்தவரைப் பற்றி மூச்சு விடாமல் ஓட்டிக்கொண்டு போய், மறுபடி எல்லைக்குள் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருவான். இதனால் நடுவில் மாட்டிக்கொண்ட சொந்தக்காரர்கள் பலர் அடக்கம் முடிந்த பிறகு மாலையோடு வந்து நின்றிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு வழி சொன்னவள் அவனுடைய அக்கா ரோசம்மாள். உறுவையாற்றில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, குழந்தை கிடையாது. நாற்பது வருஷமாகச் சுற்று வட்டாரத்தில் அவள் போகாத எழவே இல்லை. வெயிலோ மழையோ, நடந்தாவது போய்விடுவாள். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கு முதல் ஆளாகப் போவாள்.

"பகையாளி வூட்டுக்குத்தான்டா மொதல்ல போவணும். அப்பதான் அவன் வெக்கப்பட்டுனாவது நம்ம வூட்டுக்கு வருவான். எனுக்குப் புள்ளையா குட்டியா? என் பெட்டிக்குப் பின்னால ஊரு நடக்கணும், அது ஒண்ணு போதும்" என்பாள்.

அந்த ரோசம்மாள்தான் ஒருநாள், "எல்லார் கையிலயும் போனு கீது. மைக்குல கத்துறதை அதுல எழுதிப் போடேன்டா" என்றாள். யாகப்பனின் மனைவி அல்போன்சாவுக்குத் தட்டச்சு தெரியும். துக்கச்சேதி டாட் காம் பிறந்தது. இறந்தவர் பெயர், ஊர், எடுக்கும் நேரம், இடம். நாலே வரி. செய்தி சேகரிக்கும் நிருபர் ரோசம்மாள். எங்கே யாருக்கு மூச்சு இழுத்தாலும் முதல் போன் அவளிடமிருந்து வரும். "இன்னும் போவல, ஆனா எழுதி வெச்சுக்கோ" என்பாள்.

திசைகாட்டி என்னும் தேடல் கம்பெனியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களை அதற்குத் தெரியும் என்பது நிச்சயம். இறந்தவர் பெயரையும் ஊரையும் அதில் போட்டால் யாகப்பனின் தளம் முதலாவதாக வந்து நின்றது. திருப்பூரில் பனியன் தைப்பவர்கள், சென்னையில் கட்டட வேலைக்குப் போனவர்கள், பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பாரீஸிலேயே தங்கிவிட்ட கிழவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நேரத்துக்கு வந்தார்கள். வர முடியாதவர்கள் நேரத்துக்கு அழுதார்கள். திசைகாட்டியிடமிருந்து ஒரு கடிதமும் வந்தது. "அன்புள்ள படைப்பாளரே, உங்களைப் போன்ற சிறியவர்களால்தான் நாங்கள் பெரியவர்களாக இருக்கிறோம்." யாகப்பன் அதை அச்செடுத்து மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினான். அவன் அவ்வளவு நம்பினான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த கடிதத்தில் விளம்பரம் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போட்டான். அன்றுமுதல் ஒவ்வொரு இறந்தவருக்குப் பக்கத்திலும் ஒரு விளம்பரம் நின்றது. எண்பத்தேழு வயதுப் பெரியவரின் மரணத்துக்குப் பக்கத்தில், "முப்பதே நாளில் புதிய நீங்கள்!" விஷம் குடித்தவரின் அறிவிப்புக்குக் கீழே, "பசி எடுக்கிறதா? வீட்டுக்கே வருகிறோம்." யாகப்பன் கூச்சத்தோடு எழுதிக் கேட்டான். வாசகரின் தேவையை அறிந்தே விளம்பரங்கள் தேர்வாகின்றன என்று பதில் வந்தது.

டீக்கடை உலகநாதனின் அப்பா இறந்தபோது யாகப்பன் சல்லிக்காசு வாங்காமல் மூன்று சுற்றுப் போய் அறிவித்தான். உலகநாதன் விடவில்லை. "சும்மா செஞ்சா எங்கப்பன் கட்ட வேவாதுப்பா. இன்னா வேணும் சொல்லு" என்றான். யாகப்பன் நெளிந்தான். "சைட்டுல விளம்பரம் வருதில்ல, அதை யாராவது அழுத்தினா சைட்டோட வருஷ வாடகைக்கு ஆவும்னு சொல்றாங்க" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். எங்கள் ஆட்களுக்கு அதற்குமேல் வேண்டியதில்லை. பதினாறாம் நாள் கருமாதிப் பந்தலில் மொய் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டான் உலகநாதன். மொய் எழுதியவர்கள் அப்படியே நகர்ந்து போய், போனைத் திறந்து, விளம்பரத்தை அழுத்தி, நோட்டில் பெயர் எழுதிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். மடுகரை சுப்புராயன் ஐந்து அழுத்து என்று எழுதியதைப் பார்த்த அவருடைய பங்காளி, "அவனே அஞ்சுன்னா எனுக்குப் பத்து போடு" என்று நின்று நிதானமாகப் பத்து அழுத்தினார். அன்றைக்கு வந்திருந்த விளம்பரம் பிரசவத் தழும்பு நீக்கும் களிம்பு. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் மட்டும் நூறு பேர் அதில் அக்கறை காட்டினார்கள்.

மறுநாள் காலை கடிதம் வந்தது. "உங்கள் தளத்தின்மீது இயல்புக்கு மாறான ஆதரவு கண்டறியப்பட்டுள்ளது. உங்களை விளம்பரத் திட்டத்திலிருந்து ஆயுளுக்கும் நீக்குகிறோம்." மேல்முறையீட்டுப் படிவம் ஒன்றும் இருந்தது. அதில் ஒரே கேள்வி: "உங்கள் வாசகர்கள் உங்கள்மீது வைத்துள்ள மதிப்பைக் குறைக்க இனி என்ன நடவடிக்கை எடுப்பீர்கள்?"

யாகப்பன் அரை நாள் யோசித்து, "அவங்க நல்ல ஜனங்க, தெரியாம செஞ்சிட்டாங்க, மன்னிச்சிடுங்க" என்று எழுதினான். இரண்டு விநாடியில் பரிசீலித்து நிராகரித்தார்கள். இத்தனை வேகமாகப் பரிசீலிக்கும் அலுவலகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

விளம்பரம் போனால் போகட்டும், வாடகையை ஆட்டோ பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த வாரத்திலிருந்து தளமே தேடலில் ஆறாம் பக்கத்துக்குப் போய்விட்டது. உறுவையாறு விருத்தாம்பாள் இறந்தபோது பெயரைப் போட்டுத் தேடியவர்களுக்கு முதலில் வந்தது ஒரு தலைவலித் தைலம். விருத்தாம்பாளின் தம்பி திருப்பூரிலிருந்து குழி மூடிய பிறகு வந்து சேர்ந்தார். ரோசம்மாள் யாகப்பனை உலுக்கி எடுத்துவிட்டாள். "அவரு மண்ணுல உழுந்து அழுதாருடா. என்னான்னு போய்க் கேளு" என்றாள்.

கேட்பதற்கு வாய்ப்பும் வந்தது. சிறு இணையதளத்தார் நட்புறவு நாள் என்று புதுச்சேரிக் கடற்கரையில் பெரிய ஓட்டல் ஒன்றில் திசைகாட்டிக் கம்பெனி விழா நடத்தியது. சமையல் குறிப்பு எழுதுபவர்கள், மாட்டு வைத்தியம் எழுதுபவர்கள் என்று நூறு பேர் வந்திருந்தார்கள். எல்லார் கழுத்திலும் 'நான் முக்கியம்' என்று எழுதிய அட்டையை மாட்டினார்கள். கம்பெனியின் பதிப்பாளர் மகிழ்ச்சித் துறைத் தலைவி ரஞ்சனி மேடையேறினார். மனதார நேசிப்பவர் போலப் பேசினார்.

"முன்னெல்லாம் பாருங்க, ஒரு வாசகருக்குத் தாகம் எடுத்தா உங்க கிணத்தைத் தேடிக்கிட்டு வெயில்ல வரணும். எவ்வளவு கஷ்டம்! எங்களுக்கு மனசு கேக்கல. இனிமே உங்க கிணத்துலேருந்து நாங்களே குழாய் போட்டு, எங்க வாசல்லயே தண்ணி கொடுக்கப்போறோம். இதுக்குத் 'திசைகாட்டி பதில்'னு பேர் வெச்சிருக்கோம். உங்ககிட்டேயிருந்து நாங்க ஒரு பைசா வாங்கப்போறதில்ல!"

எல்லாரும் கை தட்டினார்கள். வெட்கமாக இருக்கிறது, யாகப்பனும் தட்டினான். மாட்டு வைத்தியர் ஒருவர் மட்டும் எழுந்து, "எங்க கிணத்துக்கு அப்புறம் யார் வருவாங்க?" என்று கேட்டார்.

"தூர் வாரத்தான் நீங்க இருக்கீங்களே சார்" என்றார் ரஞ்சனி புன்னகை மாறாமல்.

கேள்வி நேரத்தில் யாகப்பன் விருத்தாம்பாளைப் பற்றிச் சொன்னான். ரஞ்சனி கையிலிருந்த கணினிப் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க எழுத்துல நேரடி அனுபவம் கம்மியா இருக்குன்னு சிஸ்டம் சொல்லுது சார்" என்றார்.

"இன்னா அனுபவம்மா?"

"எழுதுறவர் அந்த விஷயத்தைத் தானே அனுபவிச்சிருக்கணும். அப்பதான் நம்பகத்தன்மை."

"சாவையா?"

"தலைப்பு எதுவானாலும் விதி ஒண்ணுதான் சார். அப்புறம், உங்க வாசகர்கள் இருபது செகண்டுல வெளியே போயிடறாங்க."

"யாரு, எப்ப எடுக்கறாங்கன்னு பாத்ததும் கெளம்பிடுவாங்கம்மா. நின்னு படிச்சினு இருந்தா அடக்கத்துக்கு எப்படிப் போறது?"

"அதுதான் சார் பிரச்சினை. அவங்க ஏன் போகணும்? உள்ளேயே பிடிச்சு வைங்க" என்றார் ரஞ்சனி. அதற்கு ஒரு கையேடும் கொடுத்தார்.

யாகப்பனும் அல்போன்சாவும் கையேட்டை வைத்துக்கொண்டு விருத்தாம்பாளின் நாலு வரியை ஆயிரத்து இருநூறு வார்த்தையாக்கினார்கள். "விருத்தாம்பாள் ஏன் இறந்தார்? நீங்கள் அறியாத ஏழு காரணங்கள்" என்று தலைப்பு வைத்தார்கள். வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் என்று ஒரு பகுதி வேண்டுமாம். "விருத்தாம்பாள் இறந்தது உடலுக்கு நல்லதா?" என்று எழுதிவிட்டு அல்போன்சா சிலுவை போட்டுக்கொண்டாள். மறுநாள் தளம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. விருத்தாம்பாளின் மகனும் வந்துவிட்டான், கையில் செருப்போடு. யாகப்பன் அவன் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தான். பழைய நாலு வரிக்கே திரும்பினான். திசைகாட்டியும் அவனை ஆறாம் பக்கத்துக்கே திருப்பி அனுப்பியது.

பிறகு குழாய் வந்தது. யார் பெயரைத் தேடினாலும் மேலே பளிச்சென்று கட்டம் கட்டி, இன்னார் இறந்தார், இத்தனை மணிக்கு அடக்கம் என்று திசைகாட்டியே சொல்லியது. கட்டத்துக்குக் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் 'ஆதாரம்: துக்கச்சேதி, யாகப்பன்' என்று இருந்தது. யாகப்பனின் தளத்துக்கு ஆட்கள் வருவது நின்றுபோனது. ஆனாலும் அவன் மனதைத் தேற்றிக்கொண்டான். யார் வாசலில் குடித்தால் என்ன, சேதி போய்ச் சேருகிறது, ஜனங்கள் நேரத்துக்கு வருகிறார்கள். அதற்குத்தானே ஆரம்பித்தோம் என்றான். ரோசம்மாளும் தினம் போன் செய்து சாவுகளைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்தப் போன் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி செய்தாள். ரோசம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம்.

யாகப்பன் அழுதுகொண்டே அறிவிப்பைத் தளத்தில் ஏற்றினான். உறுவையாறு ரோசம்மாள், சனிக்கிழமை மாலை நாலு மணி, உறுவையாறு கல்லறைத் தோட்டம். மைக்கைத் தொடவில்லை. வேண்டியதுமில்லை, எல்லாரும் இப்போது போனில்தானே பார்க்கிறார்கள் என்று நினைத்தான். நாற்காலிக் கடையில் இருநூறு நாற்காலி சொன்னான். அக்காவின் கணக்குக்கு இருநூறே குறைவு என்று மேலும் நூறு சொன்னான்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு முந்நூறு நாற்காலியில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

பாகூரிலிருக்கும் சித்தப்பா மகன் டேவிட் ராஜைக் கூப்பிட்டான். "ஏன்டா இன்னும் கெளம்பல?"

"நாளைக்குத்தானேண்ணே? ஞாயித்துக்கிழமை பத்து மணி, மடுகரையில. வேன் சொல்லியாச்சு, இருபது பேரு வரோம்" என்றான் டேவிட் ராஜ்.

அல்போன்சா போனைத் திறந்து பார்த்தாள். கட்டத்துக்குள் அப்படித்தான் இருந்தது. போன மாதம் மடுகரையில் வேறொரு ரோசம்மாளின் கணவர் இறந்தார். அடக்கம் ஞாயிறு காலை பத்து மணி என்று யாகப்பன்தான் எழுதியிருந்தான். திசைகாட்டி அந்த ரோசம்மாளையும் இந்த ரோசம்மாளையும் பிசைந்து ஒரே உருண்டையாக்கி, தேதியை மட்டும் வரும் ஞாயிறுக்கு மாற்றி வைத்திருந்தது. கீழே 'ஆதாரம்: துக்கச்சேதி, யாகப்பன்' என்று பொறுப்பாகப் போட்டிருந்தது.

திருத்தம் கோரும் படிவம் இருந்தது. இறந்தவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு, அதற்கு நம்பகமான இணையதளச் சான்று உண்டா என்று கேட்டது. அனுப்பினாள். மூன்று முதல் ஐந்து வேலை நாட்களில் பார்ப்போம், சனி ஞாயிறு விடுமுறை என்று பதில் வந்தது.

"நாளைக்குத் தள்ளி வெச்சிடலாமா சாமி?" என்று யாகப்பன் பங்குச் சாமியாரிடம் கெஞ்சினான். குழி வெட்டியாகிவிட்டது. வெட்டின குழியை ஒரு ராத்திரி வெறுமையாகத் திறந்து வைத்தால் அது இன்னொருவரைக் கேட்கும் என்பது ஊர் வழக்கம். சாமியாருக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் அங்கே இருந்த ஆறு பேருக்கும் இருந்தது. அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

யாகப்பன் ஆட்டோவை எடுத்தான். மைக்கைப் போட்டான். "உறுவையாறு ரோசம்மாள், என் அக்கா, இன்னைக்கி நாலு மணிக்கு அடக்கம். இன்னைக்கித்தான். நாளைக்கி இல்ல. எல்லாரும் வாங்க" என்று வில்லியனூர் முழுக்கக் கத்திக்கொண்டு போனான். ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

டீக்கடை வாசலில் உலகநாதன் ஓடிவந்து ஆட்டோவை மறித்தான். கண் கலங்கியிருந்தது. "யாகப்பா, கூடப்பொறந்தவ சாவு, நீ நெலையில இல்ல. நேரத்தை மாத்திச் சொல்லிக்கினு சுத்துறே. நீ போய் வூட்டுல படு. நாளைக்கிப் பத்து மணிக்கு நாங்க மொத்த தெருவும் வந்துடறோம். மாலை சொல்லிட்டேன்."

"நான் சொல்றேன்டா. அக்கா பெட்டிய என் கண்ணால பாத்துட்டு வரேன். இன்னைக்கிடா!"

"போன்ல தெளிவாப் போட்டிருக்குதுபா" என்றான் உலகநாதன். "உன் பேரே கீழே கீதே."

பதினைந்து வருஷமாக அந்தத் தெருக்களில் யாகப்பன் ஒரு சாவையும் தப்பாகச் சொன்னதில்லை. அவன் குரலைக் கேட்டு அழாத வீடு கிடையாது. அத்தனை பேரும் அன்றைக்கு அவனை நம்பாமல், அவன் பெயரைப் போட்டிருந்த கட்டத்தை நம்பினார்கள். கோபத்தில் நம்பாமல் இருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான், அன்போடு நம்பவில்லை. நாலு மணிக்கு ரோசம்மாளை இறக்கினார்கள். யாகப்பன் மண் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். கல்லறைத் தோட்டத்துக் கேட்டு வரை யாருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மடுகரையில் அறுநூறு பேர் கூடினார்கள். மூன்று வேன், இரண்டு பஸ், கணக்கில்லாத பைக்குகள். நாற்பது வருஷமாக அவள் சேர்த்து வைத்திருந்த சனம் முழுக்க, பகையாளி உள்பட, மாலையோடு அந்த வேறொரு ரோசம்மாளின் வீட்டு வாசலில் நின்றது. அந்த அம்மாள் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்து, இத்தனை மாலையைப் பார்த்து மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். வந்ததற்கு மாலையைப் போட்டுவிட்டுப் போகலாமா கூடாதா என்று அரை மணி நேரம் பேசிவிட்டுக் கலைந்தார்கள்.

யாகப்பன் அன்றைக்கே தளத்தை மூடினான். மூடினால் என்ன? திசைகாட்டிக்கு இனி கிணறு தேவைப்படவில்லை. புதன்கிழமை, அதாவது மூன்றாவது வேலை நாள், ஒரு கடிதம் வந்தது. "உங்கள் கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலித்து, வந்திருந்தோர் பதிவேற்றிய படங்களின் அடிப்படையில் பதிலை மேம்படுத்தியுள்ளோம். உங்கள் பங்களிப்பால் 1,846 பேர் பயனடைந்தனர். வாழ்த்துகள்."

அல்போன்சா மேம்படுத்திய பதிலைத் தேடி எடுத்துப் படித்துக் காட்டினாள். "உறுவையாறு ரோசம்மாளின் நல்லடக்கம் ஞாயிறு காலை மடுகரையில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் கலந்துகொள்ள, சிறப்பாக நடைபெற்றது. ஆதாரம்: யாகப்பன்."

யாகப்பன் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தான். "நான், நீ, பக்கத்து வூட்டுக்காரி, அவ வூட்டுக்காரரு, நாற்காலிக் கடைக்காரரு, பால்காரம்மா, எதிர்வூட்டு ரெண்டு பேரு. சாமியாரு. குழி வெட்டின ரெண்டு பேரு. பதினோரு பேரு வந்தாங்க அல்போன்சா. பதினோரு பேரு."

"சாமியாரைச் சேக்காதீங்க" என்றாள் அல்போன்சா. "அவரு வேலைக்கு வந்தவரு."

யாகப்பன் ஒரு விரலை நிமிர்த்தினான். கொஞ்சம் யோசித்துவிட்டு, குழி வெட்டியவர்களுக்காக இன்னும் இரண்டு விரலை நிமிர்த்தினான்.

"அப்ப எட்டு" என்றான்.